பென்சிலில் எழுதியவை

கட்டு வருகிற நாளில் அவர் காலையிலேயே மேசையைத் துடைத்துவைத்துவிடுவார். தபால்காரர் படியேறி வருகிற சத்தம் அவருக்கு அத்துப்படி. பழுப்புத் தாளில் சுற்றி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய விடைத்தாள்கள். கயிற்றை அவர் அறுக்க மாட்டார். முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, சுருட்டி, அலமாரிக் கதவின் கொக்கியில் மாட்டுவார். பதினோரு வருடத்துக் கயிறு அங்கே தொங்கியது. என்றாவது எதற்காவது ஆகும் என்று வைத்திருந்தார். இன்றுவரை எதற்கும் ஆகவில்லை.

தெருவில் அவரைத் திருத்துக்காரர் என்பார்கள். அஞ்சல்வழிப் பள்ளி ஒன்றுக்கு விடைத்தாள் திருத்துவது அவர் வேலை. மருந்தகத்தில் உதவியாளராகச் சேர விரும்புகிற அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்தபடியே படிக்கிற படிப்பு அது. மாதம் ஒரு பயிற்சித்தாள் எழுதி அனுப்புவார்கள். அது சுற்றிச் சுற்றி இவர் மேசைக்கு வரும். கீழ் வீட்டுத் தையல்காரி படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், "எங்க வீட்டுக்காரரையும் ஒரு தடவை திருத்திக் குடுங்களேன்" என்பாள். அவரும் ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்பதுபோலச் சிரிப்பார். அநேகமாக அன்றைக்கு அவர் பேசுகிற பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மனைவி, மகளின் பிரசவத்துக்கென்று வேறு ஊருக்குப் போய் இரண்டு வருடமாகிறது. மூன்று மாதம் என்று சொல்லித்தான் போனாள். குழந்தை பிறந்தது, குப்புற விழுந்தது, நடந்தது, இப்போது பேசவும் ஆரம்பித்துவிட்டது. அவள் திரும்பி வரும் பேச்சுதான் வளரவில்லை. வீட்டில் இரண்டு அறை. ஒன்றைத் திறப்பதை அவர் விட்டுவிட்டார். காலையில் ரொட்டி, மதியம் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும், இரவுக்குக் காலையில் மிஞ்சிய ரொட்டி. மழை பெய்தால் ஜன்னலை மூடுவார், நின்றால் திறப்பார். மீதி நேரம் பென்சில்.

சேர்ந்த அன்று அலுவலகத்தில் சொன்னது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. மதிப்பெண் மட்டும் சிவப்பு மையில். வேறு எது எழுதினாலும் பென்சிலில். அவர் அதை ஒரு சலுகை என்று எடுத்துக்கொண்டார். பிளேடால் பென்சிலை ஊசிபோலச் சீவி, ஓரத்தில், வரிகளுக்கு நடுவில், சில நேரம் தாளின் முதுகுப்பக்கம் முழுக்க எழுதினார். நூற்று எழுபது என்ற பதிவு எண்காரருக்குப் புள்ளிக்குப் பின்னால் வரும் சுழியை விட்டுவிடும் பழக்கம். "ஒரு சுழி போனால் பத்து மடங்கு மருந்து போகும். வேகம் வேண்டாம். உங்களுக்கு நேரம் இருக்கிறது" என்று அவருக்கு எழுதினார். எண்பத்திரண்டின் கையெழுத்து மாதா மாதம் சரிந்துகொண்டே வந்தது. உடம்பு சரியில்லையா என்று அதற்கு ஒரு வரி. யாரும் பதில் எழுதியதில்லை. பதில் எழுத அவர்களிடம் முகவரியும் கிடையாது. அவர்களுக்கு இவர் வெறும் மதிப்பீட்டாளர் பதினேழு. ஆனாலும் எண்ணைப் பார்த்ததும் அவருக்கு ஒரு முகம் தோன்றும். எண்பத்திரண்டு ஒல்லி. நூற்று எழுபது படபடவென்று பேசுகிறவர்.

இருநூற்று ஆறு ஒரு பெண் என்று விடையிலிருந்தே தெரிந்தது. ஏதோ மருத்துவமனையில் வார்டு வேலை. நன்றாகப் படிக்கிறவள். ஒரே ஒரு இடத்தில்தான் தடுக்கி விழுந்தாள். கலவைக் கணக்கு. மருந்தை ஐந்தில் ஒன்றாகக் கலக்கு என்றால் நூறு மில்லி மருந்தோடு நானூறு தண்ணீர் சேர்க்க வேண்டும். மருந்தும் தண்ணீரும் சேர்ந்து ஐந்து பங்கு. அவள் ஐந்நூறு தண்ணீர் ஊற்றினாள். கலவைக் கணக்கில் விழுந்தால் மற்றதில் நூறு வாங்கினாலும் தேர்ச்சியில்லை என்பது பள்ளியின் விதி.

அந்தக் கணக்கு வந்த முதல் தாளில் அவர் மென்மையாக எழுதினார். இரண்டாவது தாளில் ஒரு அளவு ஜாடி வரைந்து, கோடுகள் போட்டு, அடியில் ஒரு பங்கை நிழலடித்துக் காட்டினார். அந்தப் படத்துக்கு அரை மணி நேரம் ஆனது. மூன்றாவதில் முதுகுப்பக்கம் முழுக்க விளக்கினார். நான்காவது தாள் வந்தது. நூறு மருந்து, ஐந்நூறு தண்ணீர்.

அன்றைக்கு மழை. மகள் வீட்டிலிருந்து வர வேண்டிய தொலைபேசி அழைப்பும் வரவில்லை. சிவப்புப் பேனாவால் சுழி போட்டார். பேனாவைக் கீழே வைத்துப் பென்சிலை எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. அதே பேனாவால், அதே வேகத்தில் எழுதினார்: "மூன்று முறை சொல்லியாகிவிட்டது. கேட்டுக்கொள்ள விருப்பமில்லாதவர் படிக்க வர வேண்டாம்."

எழுதியதும் மனசு லேசானதுபோல இருந்தது. மறுநாள் அப்படி இல்லை. அதற்குள் கட்டு போய்விட்டது.

ஐந்தாவது தாள் இன்று வந்திருந்தது. கலவைக் கணக்குக்கு அவள் விடை எழுதவில்லை. அந்த இடத்தில், கோடு போட்ட தாளில், வகுப்பில் எழுதுவதுபோல அடக்கமான எழுத்தில் ஒரு கடிதம் இருந்தது.

"ஐயாவோ அம்மாவோ தெரியவில்லை, வணக்கம். போன தாளில் மூன்று முறை சொல்லியாகிவிட்டது என்று எழுதியிருந்தது. என் தாள்களை எல்லாம் எடுத்துவைத்துத் தேடினேன். சுழியும் பெருக்கல் குறியும்தான் இருக்கின்றன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன். ஏதோ அழுத்திய தடம் மாதிரி தெரிகிறது, படிக்க முடியவில்லை. என்ன சொன்னீர்கள் என்று தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லவும். தேர்வு பதினெட்டாம் தேதி. இரண்டு தடவை இந்தக் கணக்கில்தான் போனேன். இது மூன்றாவது. இதற்கு மேல் எழுத விட மாட்டார்கள். எனக்குப் படிக்க விருப்பம் இருக்கிறது."

அவர் முதலில் அவள் பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். தடம் என்ற சொல்லுக்கு மறுபடி வந்தபோது, பென்சிலில் எழுதியதை யாரோ அழித்திருக்கிறார்கள் என்று புரிந்தது. நாட்காட்டியைப் பார்த்தார். ஒன்பதாம் தேதி.

சாயங்காலம் மனைவி கூப்பிட்டாள். பேரப்பிள்ளையின் சளியைப் பற்றியும், அந்த ஊர்க் காய்கறி விலையைப் பற்றியும் அவள் சொல்லி முடிக்கிறவரை காத்திருந்தார். பிறகு நடந்ததைச் சொல்லி, கடிதத்தைப் படித்துக் காட்டினார். மறுமுனையில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

"சிவப்புல எழுதினீங்களா?"

"ஆமா."

"எனக்கு ரெண்டு வருஷத்துல ஒரு வரி எழுதினதில்ல. அதுங்களுக்கு முதுகுப்பக்கம் வரைக்கும் எழுதறீங்க. அதுவும் போய்ச் சேரலையா?"

"என்ன பண்றதுன்னு தெரியல."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு? போய்ச் சொல்லுங்க. வாயில்லையா உங்களுக்கு?" என்றவள், சற்றுப் பொறுத்து, "எங்கிட்ட பேசத்தான் இல்ல" என்றாள். அதற்கு அவர் ஏதோ சொல்ல வருமுன் குழந்தை விழுந்துவிட்டதென்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் சுத்தமாகத் துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அஞ்சல்வழிப் பள்ளி அலுவலகத்துக்குப் போனார். பதினோரு வருடத்தில் நான்காவது முறை. அனுப்புப் பிரிவு தாழ்வாரத்தின் கடைசியில், கழிப்பறைக்கு எதிரில் இருந்தது. ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள் மட்டும் இருந்தாள். மேசையில் விடைத்தாள் விரிந்திருக்க, இடது கையால் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு வலது கையால் அழித்துக்கொண்டிருந்தாள். ரப்பர் துகளை ஒரு பழைய சாய பிரஷ்ஷால் தகர டப்பாவுக்குள் தள்ளினாள். அதில் இருந்த லாகவத்தைப் பார்த்தால் அதையே பல காலமாகச் செய்து வருகிறவள் என்று தெரிந்தது.

அவர் தன் எண்ணைச் சொன்னார். அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரை நன்றாகப் பார்த்தாள்.

"பென்சில் சாரா நீங்க? உக்காருங்க, உக்காருங்க. நான் இன்னும் வயசானவரா நெனச்சிருந்தேன். உங்க ஒருத்தராலதான் எனக்கு மாசம் ரெண்டு ரப்பர் கூடுதலா ஆகுது. ஸ்டோர்ல கேட்டா, அம்மா நீங்க ரப்பர் திங்கறீங்களான்னு கேக்கறான்."

அவர் உட்காரவில்லை. "எல்லாத்தையும் அழிச்சிருவீங்களா?"

"அழிக்காம? பென்சில்ல இருக்கறது ஆபீஸுக்கு. கூட்டல் சரிபார்க்கவும், பக்கம் குறைகிறது, அந்த மாதிரி. அதெல்லாம் பிள்ளைங்களுக்குப் போகக் கூடாதுன்னு விதி. மத்தவங்க ஒரு வரி எழுதுவாங்க. நீங்க பக்கம் பக்கமா எழுதறீங்க. நானும், சரி, மனுஷன் தனியா இருக்கார்போல, எழுதிட்டுப் போறார்னு விட்டுட்டேன்."

"எங்கிட்ட யாரும் சொல்லலையே."

"நீங்க கேக்கலையே, சார்."

அவர் இப்போது உட்கார்ந்தார். அவள் தன் தேநீரில் பாதியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி அவர் பக்கம் நகர்த்தினாள். வெளியே யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூடாமல் போனார்கள்.

"படிக்காம அழிச்சதில்ல" என்றாள் அவள், ஏதோ கணக்கு ஒப்படைப்பதுபோல. "படிச்சிட்டுதான் அழிப்பேன். அந்த ஜாடிப் படம் வந்துச்சு பாருங்க, அதை மட்டும் ரெண்டு நாள் அழிக்காம வச்சிருந்தேன். அஞ்சுல ஒண்ணுன்னா மொத்தமே அஞ்சுதான்னு எனக்கே புரிஞ்சுபோச்சு. எட்டாவதோட நின்னவ நான்."

"அப்ப அந்தச் சிவப்பு வரி?"

"சிவப்பை நான் தொடக் கூடாது, சார். அது போயிருச்சு. கவர்ல போடறப்ப எனக்கே ஒரு மாதிரிதான் இருந்துச்சு."

பதினோரு வருடமாக அவர் எழுதியதை எல்லாம் ஒருத்தி படித்திருக்கிறாள். அதை நினைத்து அவருக்கு ஆறுதலாக இருந்ததா, கூச்சமாக இருந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை. இருநூற்று ஆறின் தாளை நீட்டி, இதை மட்டும் இன்றைக்கே அனுப்ப முடியுமா என்று கேட்டார். முடியாது. நாற்பது தாள் சேர்ந்தால்தான் கட்டு, கட்டு ஆனால்தான் பதிவேட்டில் ஏறும், ஏறினால்தான் தபால். இப்போது முப்பத்தொன்று இருக்கிறது, இருபத்தைந்தாம் தேதிவாக்கில் போகும் என்றாள். தேர்வு பதினெட்டு என்றார் அவர். அது எப்போதும் அப்படித்தான், கடைசித் தாள் தேர்வு முடிந்துதான் போகும் என்று அவள் மழை பெய்வதைச் சொல்வதுபோலச் சொன்னாள். முகவரி கேட்டதற்கு, "அதை மட்டும் கேக்காதீங்க, எனக்கு இன்னும் மூணு வருஷம் சர்வீஸ் இருக்கு" என்று கையைக் கூப்பிவிட்டாள்.

படியிறங்கும்போது அவருக்கு இருநூற்று ஆறின் இரண்டாவது தாள் ஞாபகம் வந்தது. விடைக்கு நடுவில், "எங்கள் மூன்றாம் மாடி வார்டில் தரை துடைக்க இப்படித்தான் ஊற்றுகிறோம்" என்று ஒரு வரி எழுதியிருந்தாள். அதை அவர் தேவையில்லாதது என்று அடித்திருந்தார். ஊரில் மூன்று மாடி வைத்த மருத்துவமனை ஒன்றுதான்.

மூன்றாம் மாடியில் கிருமிநாசினி வாசனை கண்ணைக் கரித்தது. படிக்கிற பெண் யார் என்று நர்ஸிடம் கேட்டார். "படிக்கறதா? எப்பப் பாத்தாலும் பாக்கெட்ல பேப்பரோட திரியுமே, அதுவா?" என்று நர்ஸ் தாழ்வாரத்தைக் காட்டினாள். பச்சை அங்கி போட்ட ஒருத்தி, முப்பது வயதிருக்கும், வாளியைக் காலால் தள்ளியபடி தரையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கமாக நகர்ந்து வந்தாள். அவர் மனதில் வைத்திருந்த முகம் இல்லை அது. அதைவிட அகலம், அதைவிடக் களைப்பு.

தான் யார் என்று அவர் சொன்னதும் அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். சிரிக்கவில்லை.

"அந்தச் சிவப்பு நீங்கதானா?"

"ஆமாம்மா. பென்சில்ல எழுதினதும் நான்தான். அதை அழிச்சிட்டாங்க. எனக்கு நேத்து வரைக்கும் தெரியாது."

"சொல்லுங்க. சூப்பர்வைசர் வர்றதுக்குப் பத்து நிமிஷம் இருக்கு."

அவர் பையிலிருந்து காகிதம் எடுக்கப்போனார். பிறகு வாளியைப் பார்த்தார். தரை துடைக்க எப்படிக் கலப்பீர்கள் என்று கேட்டார். ஒரு மக்கு மருந்து, அஞ்சு மக்கு தண்ணி, என்றாள்; வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

"மொத்தம் எத்தனை மக்கு ஆச்சு?"

"ஆறு."

"பரீட்சையில மொத்தமே அஞ்சுதான் இருக்கலாம். அந்த அஞ்சுக்குள்ள ஒண்ணு மருந்து. அப்ப தண்ணி?"

அவள் உதடு அசைந்தது. பக்கத்திலிருந்த காலி வாளியை இழுத்து, மருந்து இருக்கிற டப்பாவின் மூடியைத் திறக்காமலே, வெறும் மக்கால் தண்ணீரை ஒவ்வொரு மக்காக அள்ளி ஊற்றுவதுபோலச் செய்தாள். நாலாவதில் நின்றாள்.

"நாலு."

"நாலு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாம்மா."

வார்டுக்குள் ஒரு நோயாளி இருமி ஓய்ந்தார். அவள் வாளிக்குள் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அழுவாளோ என்றும் பயந்தார்.

"இதுக்கா ரெண்டு வருஷம்?" என்றாள் மெதுவாக. "எம்பொண்ணு இப்பதான் எழுத்துக் கூட்டிப் படிக்குது. கவர் வந்தா அதுதான் பிரிக்கும். அந்த வரிய அதுதான் எனக்குப் படிச்சுக் காட்டிச்சு. 'கேட்டுக்கொள்ள விருப்பமில்லாதவர்'னா என்னம்மான்னு கேட்டுச்சு."

மன்னிப்பு என்ற சொல் அவரிடம் இருந்தது. அந்தத் தாழ்வாரத்தில் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள்.

"எனக்கு வந்து சொல்லிட்டீங்க. எங்கூட எழுதப்போறவங்களுக்கு?"

வழியெல்லாம் அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தார். அடுத்த நாட்களில், நினைவிலிருந்ததை ஒவ்வொன்றாக ஒரு தாளில் எழுதினார். எண், எதிரில் அந்த ஆளின் தவறு. முப்பத்தெட்டு எண்கள் தேறின. ஒருவருடைய முகமும் அவருக்குத் தெரியாது. வீடு தெரியாது. அவர்களெல்லாம் ஒரே இடத்தில் நிற்கிற ஒரே ஒரு நேரம்தான் தெரியும்.

பதினெட்டாம் தேதி காலை தூறிக்கொண்டிருந்தது. தேர்வு நடக்கிற பள்ளிக்கூடத்து வாசலுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். ஆட்கள் இரண்டிரண்டாக வந்தார்கள். வேலைக்குப் போகிற உடுப்போடு சிலர், கைக்குழந்தையைத் துணைக்கு வந்தவரிடம் கொடுத்துவிட்டு ஒருத்தி, கடைசி நிமிடப் படிப்பில் உதடு முணுமுணுக்க ஒரு நடுத்தர வயதுக்காரர். திருத்துக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நூற்று எழுபது" என்றார். யாரும் திரும்பவில்லை. இன்னொரு தடவை சொன்னார். காவலாளி வந்தார்.

"என்ன விக்கறீங்க?"

"ஒண்ணும் விக்கல."

"அப்புறம் எதுக்கு வெலை சொல்றீங்க?"

அவர் விளக்கினார். காவலாளிக்குப் பாதிதான் புரிந்தது. வாசலுக்கு வெளியே நின்று என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், உள்ளே கால் வைக்கக் கூடாது என்று போய்விட்டார்.

பேசிப் பழகாத குரல். பத்தடி போவதற்குள் மழையில் கரைந்தது. எண்பத்திரண்டு என்றார், நூற்று மூன்று என்றார். ஆட்கள் அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள். பைத்தியமோ என்று ஒரு பெண் விலகிப் போனாள். அப்போது பக்கத்தில் பச்சை அங்கி தெரிந்தது. இரவுப் பணி முடித்து அப்படியே வந்திருக்கிறாள்.

"இப்படிச் சொன்னா பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது. குடுங்க" என்று தாளை வாங்கினாள். வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. "நூத்தி எழுபது யாரு? இங்க வாங்க. பயப்படாதீங்க, உங்க பேப்பர் திருத்தினவரு நிக்கறாரு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. மெதுவாகப் பேசுகிற, பருத்த உடம்புக்காரர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து, அது நான்தான் என்றார். புள்ளிக்குப் பின்னால் சுழி, என்றார் திருத்துக்காரர். அந்த மனிதர் கொஞ்ச நேரம் யோசித்து, "அதனாலதான் போகுதா?" என்றார். எண்பத்திரண்டு ஒல்லி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையாம், பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் எழுதுகிறாளாம். அடுத்த எண், அதற்கடுத்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம், இரண்டு வாக்கியம். மணி அடித்ததும் பச்சை அங்கிக்காரி தாளை அவர் கையில் திணித்தாள்.

"நாலு" என்றாள், போகிறேன் என்பதற்குப் பதிலாக. உள்ளே போய்விட்டாள்.

கதவை இழுக்கும் நேரத்தில் ஒருவன் சைக்கிளைக் கிடத்திவிட்டு ஓடிவந்தான். கையெல்லாம் எண்ணெய்க் கறை. அவர் அவசரமாக எண்ணைக் கேட்டார். ஓடியபடியே, "முந்நூத்திப் பதினொண்ணு" என்றான். சரியான விடையை எழுதிவிட்டு, சந்தேகப்பட்டு அடித்து, தப்பாக எழுதுகிற ஆள்.

"முதல்ல எழுதறதுதான் சரி. அடிக்காதீங்க" என்று தன்னால் முடிந்த மட்டும் கத்தினார்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கையை மட்டும் தூக்கிக் காட்டினான். கதவு மூடியது.

தாளில் பார்த்தார். முப்பத்தெட்டில் பதினொன்று. மற்ற இருபத்தேழு பேர் உள்ளே இருந்தார்கள், அல்லது வரவே இல்லை, அல்லது அவரைச் சுற்றிக்கொண்டு போன அந்தக் கால்களில் இருந்தார்கள். தெரு ஒரே நிமிடத்தில் காலியாகிவிட்டது. தூறல் வலுத்தது. எதிர்க்கடையில் மழைக்கு ஒதுங்கிக்கொள்ளச் சொல்லிக் காவலாளி கை காட்டினார்.

எப்போது வெளியே விடுவீர்கள் என்று அவர் கேட்டார். பன்னிரண்டரைக்கு, என்றார் காவலாளி; அப்புறம் ரெண்டு மணிக்கு ரெண்டாவது பேப்பர்.

அவர் தாளை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, மதிலை ஒட்டி அங்கேயே நின்றார்.